எழுத்தச்சனும் அவர் பெயரும்

பௌதிகம் படிக்கும் மாணவனுக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. தராசும் வெப்பமானியும் பிடிக்கும் கை பாட்டைத் தொட்டால் பாட்டு வாடிவிடும் என்பது அவர்கள் எண்ணம் போலும். ஆனால் சோதனைச் சாலையில் முதல் நாளிலேயே எங்களுக்குச் சொல்லித் தரும் பாடம் ஒன்று உண்டு. எதையும் நிறுப்பதற்கு முன் தட்டு வெறுமையாக இருக்கிறதா என்று பார். தட்டில் முன்பே ஒரு துளி ஈரம் இருந்தாலும் நிறுவை பிழைத்துப் போகும்.

இலக்கியத்தை நிறுக்கும்போதும் நம் தட்டில் ஒரு பொருள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்து கொள்கிறது. அதுதான் ஆசிரியரின் பெயர். பெயர் பெரிதாயின் பாட்டும் பெரிதாகிறது. பெயர் இல்லையேல் பாட்டும் இல்லாமற் போகிறது. இந்த உண்மையை நான் நூலிலே படித்து அறியவில்லை. ஒரு பெருங்கவிஞரின் வாழ்க்கையைத் தேடிப் போன இடத்தில், வெட்கப்பட்டு அறிந்து கொண்டேன். அக்கவிஞர் மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன். அவர் வரலாற்றையும் என் வெட்கத்தையும் சேர்த்தே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

நான் ஏலமலையில் பிறந்தவன். என் தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் போடியிலிருந்து மெட்டு ஏறி உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு வந்தது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம் என்று இரண்டு மொழிகளில் வளர்ந்தேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும், பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்த என் மாமா வீட்டில் தங்கிச் சித்தூரில் கல்லூரி சேர்ந்தேன். இது ஆந்திரத்துச் சித்தூர் அன்று, பாலக்காட்டுச் சித்தூர். முன்னாளில் கொச்சி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டு, ஆங்கிலேயரின் ஆட்சிப் பகுதிகள் சூழ, தனித்துக் கிடந்த நிலப்பகுதி. 1957-ல் பாலக்காடு மாவட்டம் அமைந்தபோது அதனோடு இணைந்தது. அங்கே ஒரே தெருவில் இரண்டு மொழியும் கேட்கும். ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரத்தை அழிப்பவள் என்பது பொருள். அதன் கரையில் தெற்குக் கிராமம் என்னும் பகுதியில் ஒரு மடம் இருக்கிறது. எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்து மறைந்த இடம் அதுவே என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

பிறப்பும் இளமையும்

எழுத்தச்சன் பிறந்த இடம் திரூருக்கு அருகில் திருக்கண்டியூரில் உள்ள துஞ்சன் பறம்பு. இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் அது இருக்கிறது. அவர் 16-ஆம் நூற்றாண்டினர் என்று பெரும்பாலோர் கொள்வர்; சற்று முன்னும் பின்னும் வைப்பாரும் உளர். துஞ்சத்து என்பது வீட்டுப் பெயர். எழுத்தச்சன் என்பது தொழிலைக் குறிக்கும் பெயர். எழுத்தை அறிவிக்கும் தந்தை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு நேரான சொல் அது. அவரது இயற்பெயர் இராமானுசன் என்று பலர் சொல்வர். அதை ஒப்பாதவரும் உண்டு. ஆக, மலையாள நாடு முழுதும் போற்றும் இப்புலவரின் பெயராக நம் கைக்கு வந்திருப்பவை ஒரு வீட்டின் பெயரும் ஒரு தொழிலின் பெயருமே. இதை வாசகர் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னர்ப் பயன்படும்.

அவர் பிறந்த குலத்துக்கு வேதம் ஓதும் உரிமை அக்காலத்தில் இல்லை. ஆயினும் அவர் வடமொழியைக் கற்றார், வேதாந்தத்தையும் கற்றார். எப்படிக் கற்றார் என்பதற்கு விடையாக மக்கள் கதைகள் பல புனைந்தார்கள். சிறுவயதில் கோயிலில் வேதியர் ஓதிய வேதத்தில் பிழை கண்டு அவர் திருத்தினார் என்பது ஒரு கதை. மற்றொன்று செக்கைப் பற்றியது. அவர் குலத்தை இழிவாகக் கருதிய ஒருவர், உன் செக்கில் என்ன ஆடும் என்று ஏளனமாகக் கேட்டாராம். நாலும் ஆறும் ஆடும் என்று எழுத்தச்சன் விடை சொன்னாராம். நான்கு வேதமும் ஆறு சாத்திரமும் என்பது அதன் உட்பொருள். நடந்ததோ இல்லையோ, கல்வியை ஒரு சிலரின் சொத்தாக அடைத்து வைத்த காலத்தில் அந்த அடைப்பை உடைத்த ஒருவரைப் பற்றி மக்கள் இப்படிக் கதை சொல்லி மகிழ்ந்தார்கள் என்பது மெய்.

கிளியின் வாயில் வைத்த காவியம்

எழுத்தச்சனின் பெருமைக்கு அடித்தளமாக நிற்பவை இரண்டு நூல்கள். ஒன்று அத்தியாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு. மற்றொன்று மகாபாரதம் கிளிப்பாட்டு. முன்னது அதே பெயருள்ள வடமொழி நூலைத் தழுவியது. பின்னது பதினெட்டுப் பருவங்களையும் சுருக்கிச் சொல்வது. இவ்விரண்டும் அவர் பாடியவை என்பதில் ஆராய்ச்சியாளர்க்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அவருக்கு முன் மலையாளத்தில் இலக்கியமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சீராமன் பாடிய ராமசரிதம் இருந்தது. தமிழ் எழுத்துக்களின் ஒலி எல்லைக்குள்ளேயே நின்று, எதுகையும் மோனையும் அமையப் பாடிய நூல் அது. தமிழ் மாணவன் ஒருவன் அதைக் கையில் எடுத்தால் அயல் வீட்டில் நுழைந்ததாக உணரமாட்டான். ஒன்றுவிட்ட சிற்றப்பா வீட்டுக்கு வந்ததாகவே உணர்வான். நிரணம் புலவர்கள் இருந்தனர். கிருஷ்ணகாதை பாடிய செறுசேரி இருந்தார். ஒருபுறம் வடமொழி நிறைந்த மணிப்பிரவாளமும், மறுபுறம் நாட்டு மக்களின் பாட்டும் தனித்தனியே ஓடிக் கொண்டிருந்தன. அவ்விரு நீரோட்டங்களையும் ஒரே வாய்க்காலில் சேர்த்து, கற்றவரும் மற்றவரும் ஒருங்கே பருகும்படி செய்தவர் எழுத்தச்சன். அதுவே அவர் செய்த பெருந்தொண்டு.

அவர் கையாண்ட முறை கிளிப்பாட்டு என்பது. கவிஞர் கதையைத் தாமே சொல்வதில்லை. ஒரு பெண்கிளியை அன்போடு அழைக்கிறார். பாலும் பழமும் கொடுத்துக் கதை சொல்லுமாறு வேண்டுகிறார். கிளி சொல்கிறது, நாம் கேட்கிறோம். கிளி சொல்லும் கதையே காவியம். நம் தமிழிலும் கிளியைத் தூது விடும் வழக்கம் உண்டு. கிளிக்கண்ணி பாடுவதும் உண்டு. ஆனால் எழுத்தச்சன் கிளியைத் தூது அனுப்பவில்லை. தம் இடத்திலேயே அதை உட்கார வைத்துவிட்டுத் தாம் கேட்பவராக ஒதுங்கிக் கொண்டார்.

ராமாயணம் கிளிப்பாட்டு இன்று கேரளத்தின் வீட்டு நூல். நம் ஆடி மாதமாகிய கர்க்கடகத்தில், மழை கூரையில் கொட்டும் மாலை நேரத்தில், விளக்கேற்றி வைத்து அதை வாசிப்பார்கள். எங்கள் மலையிலும் அடுத்த வீட்டிலிருந்து அந்த ஓசை வரும். பொருள் விளங்காத வயதிலேயே அதன் இழுப்பு எனக்குப் பழகிவிட்டது. மகாபாரதமோ அவ்வளவு வீடுகளில் ஒலிப்பதில்லை. ஆயினும் கவிதை என்ற அளவில் அதுவே முதிர்ந்தது என்பது திறனாய்வாளர் பலரின் தீர்ப்பு. போர் முடிந்த களத்தில் மக்களை இழந்த காந்தாரி புலம்பும் இடத்தை அவர்கள் எடுத்துக் காட்டுவர்.

சித்தூரில்

வாழ்வின் பிற்பகுதியில் எழுத்தச்சன் கிழக்கே வந்தார். பாரதப்புழை கடலில் கலக்கும் பொன்னானிக்கு அருகே பிறந்தவர், அதே ஆற்றோடு சேரும் ஒரு கிளையாற்றின் கரையில் வந்து தங்கினார். கருணாகரன், சூரியநாராயணன், தேவன், கோபாலன் என்ற மாணவர் நால்வரை மரபு குறிப்பிடுகிறது. சோகநாசினிக் கரையில் மடம் எழுந்தது. கோயிலும் எழுந்தது. வேதியர் பன்னிருவர் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன என்று கூறுவர். வேதத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வேதியருக்குக் குடியிருப்பு அமைத்தார் என்றால், அவர் உள்ளத்தில் பகை தங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். அவருடையவை என்று சொல்லும் எழுத்தாணி முதலிய பொருள்களை மடத்தில் போற்றி வைத்திருக்கிறார்கள். விசயதசமி நாளில் குழந்தைகளை அழைத்து வந்து அங்கே முதலெழுத்து எழுத வைக்கிறார்கள். அவர் மறைந்ததும் அங்கேயே.

இவ்வளவுதான் வாழ்க்கை. ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவர் மறைந்த பின்னரே அவர் பெயரின் வாழ்க்கை தொடங்கியது. அதை எழுத ஒரு தாள் போதாது.

பெயர் வளர்ந்த கதை

முதலில், கதைகள் வளர்ந்தன. வாதநோயால் வருந்திய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி வழி கேட்டு எழுத்தச்சனிடம் ஆளனுப்பினார் என்றும், மீனிலிருந்து தொடங்கட்டும் என்று விடை வந்தது என்றும், அது மச்ச அவதாரத்தைக் குறிப்பதென உணர்ந்து பட்டத்திரி நாராயணீயம் பாடினார் என்றும் ஒரு கதை உண்டு. வடமொழியில் பாடப்பட்ட பெருநூல் ஒன்றின் பிறப்பிலும் எழுத்தச்சனுக்கு ஒரு பங்கு கிடைத்துவிட்டது.

அடுத்து, எழுத்தே அவருடையதாயிற்று. 1874-ல் தென்னிந்திய எழுத்துக்களைப் பற்றி நூல் வெளியிட்ட பர்னெல் என்ற ஆங்கிலேயர், ஆரிய எழுத்து மலையாளத்துக்கு வந்ததை எழுத்தச்சனின் பெயரோடு சேர்த்தே எழுதினார். அவருக்கு முன்பே அவ்வெழுத்து அந்நாட்டில் வழங்கியது என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அவருடைய நூல்கள் ஊரூராகப் பரவியதால் அவ்வெழுத்தும் உடன் பரவி நிலைபெற்றது என்று சொல்வதே பொருந்தும். ஆயினும் மலையாள எழுத்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்று இன்றும் பலர் நம்புகிறார்கள்.

மூன்றாவதாக, நூல்கள் வந்து சேர்ந்தன. அரிநாமகீர்த்தனம், பாகவதம் கிளிப்பாட்டு, சிந்தாரத்தினம், பிரம்மாண்ட புராணம், தேவீமாகாத்மியம், இருபத்துநாலு விருத்தம், உத்தரராமாயணம் என்று பல நூல்கள் அவர் பெயரில் வழங்கி வருகின்றன. இவற்றுள் எவை அவருடையவை, எவை பிறருடையவை என்பதில் அறிஞர்கள் பல காலமாக மாறுபடுகிறார்கள். அரிநாமகீர்த்தனத்தை அவருடையதென்று ஏற்போர் மிகுதி. பாகவதத்தைப் பற்றிய ஐயமோ வலுவானது. நடை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு கையின் வேலையாகத் தோன்றவில்லை என்பது ஐயுறுவோர் காட்டும் காரணம்.

இது மலையாளத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று. நம் ஔவையாரைப் பாருங்கள். சங்க காலத்துப் புலவரும், ஆத்திசூடி பாடியவரும் ஒரே கிழவியாகி, நூற்றாண்டுகளைக் கோலூன்றிக் கடந்து வருகிறார். ஆசிரியர் தெரியாத சிலேடை வெண்பா கிடைத்தால் காளமேகத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். பெரிய ஆலமரத்தின் கீழ் எந்தச் செடி முளைத்தாலும் அதை ஆலங்கன்று என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

நான்காவதாக, துஞ்சன் பறம்பில் ஓர் எட்டிமரம் இருக்கிறது. எட்டி கசக்கும் என்பது யாவரும் அறிந்தது, நஞ்சும் கூட. ஆனால் எழுத்தச்சன் அதன் நிழலில் அமர்ந்து பாடியதால் அந்த ஒரு மரத்தின் இலை மட்டும் கசப்பதில்லை என்பது நம்பிக்கை. மென்று பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் அந்தக் கதையில் உள்ள உண்மையை நான் வேறு விதமாக மென்று பார்த்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் வெட்கம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு கட்டுரைப் போட்டி வந்தது. எழுத்தச்சனின் கவிதையழகு என்பது பொருள். தமிழ்ப் பையன் ஒருவன் மலையாளத்தில் எழுதப் போகிறான் என்றதும் நண்பர்களுக்கு வேடிக்கை. எனக்கோ வீறாப்பு. நூலகத்தில் கைக்குக் கிடைத்தது பாகவதம் கிளிப்பாட்டு. அட்டையில் எழுத்தச்சன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. பிரகலாதன் கதைப் பகுதியைப் படித்தேன். வரிக்கு வரி வியந்தேன். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். மேதையின் கை படாத சொல் ஒன்று கூட இதில் இல்லை என்று முடித்தேன்.

கொடுப்பதற்கு முன் பிழை திருத்தித் தருமாறு தெற்குக் கிராமத்துக்கு அருகில் இருந்த ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியர் ஒருவரிடம் போனேன். மாஷ் என்றுதான் நாங்கள் அவரை அழைப்போம். அவர் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் பொறுமையாகப் படித்தார். எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு, இந்த நூல் எழுத்தச்சனுடையது அன்று என்று கருதுவோர் பலர் என்பதை மெல்லச் சொன்னார். அவர் மாணவர் வழியில் வந்த யாரோ சிலர் பாடியிருக்கலாம் என்றும் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கட்டன்சாயா கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றிரவு மாமா வீட்டில் அதே பகுதியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். என்ன வியப்பு! முந்தின வாரம் ஒளி வீசிய வரிகள் மங்கிக் கிடந்தன. இந்த அடி தளர்வாக இருக்கிறது; இந்தச் சொல் இட்டு நிரப்பியது; இங்கே கவிஞனுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டேன். ஏமாற்றப்பட்டவன் போலச் சினமும் வந்தது. பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட எண்ணினேன்.

காலையில் எழுந்தபோதுதான் அறிவு திரும்பியது. ஓர் இரவில் அந்த நூலில் ஓரெழுத்தும் மாறவில்லையே! மாறியது அட்டையில் இருந்த பெயர் ஒன்றுதான். அதுவும் என் மனத்தில் மட்டும். அப்படியானால் முதலில் நான் வியந்தது எதை? பிறகு நான் இகழ்ந்தது எதை? இரண்டு முறையும் நான் பாட்டைப் படிக்கவே இல்லை. முதல் முறை எழுத்தச்சன் என்ற பெயரைப் படித்தேன். இரண்டாம் முறை எழுத்தச்சன் அல்லாதவர் என்ற பெயரைப் படித்தேன். பெயரின் நிழலில் எட்டி இலையும் எனக்கு இனித்தது. நிழல் விலகியதும் கரும்பும் கசந்திருக்கும். கட்டுரையைக் கொடுக்காமலே விட்டுவிட்டேன்.

பெரியோரும் தப்பவில்லை

பின்னால், இந்தப் பிழையில் நான் தனியாள் அல்லேன் என்று அறிந்து சற்றே ஆறுதல் கொண்டேன். ஆங்கில நாட்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். ஆசிரியர் பெயரை மட்டும் மறைத்துவிட்டார். பெரும்புலவர்களின் பாட்டைப் பலர் குப்பை என்று தள்ளினர். சிறு புலவர்களின் பாட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். 1929-ல் அந்த விடைகளைத் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டபோது ஆங்கிலக் கல்வி உலகமே திடுக்கிட்டது. டோரிஸ் லெஸ்ஸிங் என்ற புகழ்பெற்ற நாவலாசிரியை, வேறு பெயரில் ஒரு நாவல் எழுதித் தம் நூல்களை வழக்கமாக வெளியிடும் பதிப்பகத்துக்கே அனுப்பினார். அவர்கள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.

இலக்கியத்தை விடுங்கள். சான்றையே தெய்வமாகக் கொண்ட விஞ்ஞானத்திலும் இந்தக் கதைதான். ஆர்கான் வாயுவைக் கண்டறிந்து 1904-ல் நோபல் பரிசு பெற்ற ராலே பிரபுவைப் பௌதிக மாணவர் யாவரும் அறிவர். அவர் ஒருமுறை பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்துக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையில் எப்படியோ அவர் பெயர் விடுபட்டுப் போயிற்று. யாரோ அரைவேக்காட்டுக்காரர் எழுதியது என்று குழுவினர் தள்ளிவிட்டனர். எழுதியவர் யார் என்று தெரிந்ததும் அதே கட்டுரையில் சிறப்புகள் பல இருப்பதைக் கண்டுபிடித்து ஏற்றுக்கொண்டனர். இதை அவர் மகனே தந்தையின் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லப்பட்டதன் மெய்யைப் பார்ப்பதே அறிவு என்பது நம் வள்ளுவர் வகுத்த இலக்கணம். ராலேயின் கட்டுரையை ஆராய அமர்ந்த அறிஞர்களுக்கே அது எளிதாக இல்லை என்றால், இருபது வயது மாணவன் எம்மாத்திரம்?

பெயரை மூடிப் படித்தேன்

அப்படியானால் புகழெல்லாம் பொய்தானா? இந்தக் கேள்வியை மாஷிடமே கொண்டு போனேன். அவர் வாயால் விடை சொல்லவில்லை. நாலு புத்தகங்களை எடுத்து, அட்டையையும் முதல் பக்கங்களையும் செய்தித்தாளால் ஒட்டி மூடிக் கொடுத்தார். ஒரு மாதம் படித்துப் பிடித்த இடங்களைக் குறித்துக் கொண்டு வரச் சொன்னார்.

படித்தேன். இம்முறை சாய்ந்து கொள்ளச் சுவர் இல்லை. நன்று என்றால் ஏன் நன்று என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நூலில் காந்தாரி புலம்பும் இடம் வந்தது. நள்ளிரவு. பக்கத்தில் மாமாவின் பிள்ளைகள் உறங்குகின்றனர். ஒவ்வொரு மகனின் உடலாகப் பார்த்து அந்தத் தாய் அரற்றுகிறாள். படிக்க முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். என் வாழ்வில் ஒரு பாட்டு என்னை அப்படி எழுப்பி நிறுத்தியது அதுவே முதல் முறை. மாதம் முடிந்து ஒட்டிய தாளைக் கிழித்தபோது, அது எழுத்தச்சனின் மகாபாரதம்.

அந்தக் கணத்தில் நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. அவர் பெயர் எனக்கு அவரைக் கொடுக்கவில்லை. அவர் பாட்டு அவரைக் கொடுத்தது. புகழ் பொய் அன்று. அது பிறர் படித்து எழுதி வைத்த சான்றிதழ். ஆனால் பிறர் உண்ட சோறு என் பசியைத் தீர்க்காது.

அதே நாலு புத்தகங்களில் பாகவதமும் ஒன்று. காந்தாரியின் உயரம் அதில் எங்கும் எனக்குக் கிட்டவில்லை. ஆனாலும் நான் குறித்து வைத்திருந்த சில இடங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அவற்றைப் பாடியவர் யாரோ? சோகநாசினிக் கரை மடத்தில் குருவின் ஏட்டைப் பெயர்த்தெழுதிக் கொண்டிருந்த மாணவராக இருக்கலாம். வேறு ஊரில் வாழ்ந்த வேறு ஒருவராகவும் இருக்கலாம். அவரை நாம் இருமுறை கொன்றிருக்கிறோம். குருவின் பெயரை அவர் பாட்டின் மேல் ஒட்டிய அன்று ஒருமுறை. குருவினுடையது அன்று என்று சொல்லிப் பாட்டையே தூக்கி எறிந்த அன்று இன்னொரு முறை. ஒருவருக்கு உரியதற்கு மேல் கொடுக்கும் புகழ், மற்றொருவரிடமிருந்து எடுத்தது என்பதை அன்று உணர்ந்தேன்.

கிளி சொல்லும் பாடம்

கேரள அரசு தன் மிக உயர்ந்த இலக்கிய விருதுக்கு எழுத்தச்சன் பெயரையே சூட்டியிருக்கிறது. 1993-ல் சூரநாட்டு குஞ்ஞன் பிள்ளை அதை முதலில் பெற்றார். 2012-ல் திரூரில் தொடங்கிய மலையாளப் பல்கலைக்கழகமும் அவர் பெயரைத் தாங்குகிறது. இவை தக்க சிறப்புகளே. ஆனால் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் விட்டுச் சென்றவை ஒரு வீட்டுப் பெயரும் ஒரு தொழிற்பெயரும். காவியத்தைப் பாட வந்தபோது தம்மை முன்னே நிறுத்தாமல் ஒரு கிளியை முன்னே வைத்தார். யார் சொல்கிறார் என்று பாராதே, சொல்லப்படும் கதையைக் கேள் என்பது போல. நாமோ கிளியையும் மறந்தோம், கதையையும் மறந்தோம். அவர் மறைத்துக் கொண்ட பெயரை மட்டும் பிடித்துக் கொண்டு அதன் கீழ் ஊரிலுள்ள ஏடுகளை எல்லாம் கட்டிவிட்டோம்.

முடிக்கும் முன் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அம்மாச்சி ஏலக்காட்டில் காய் பறித்தவர். செடியின் அடியில் குந்தியிருந்து காய் எடுக்கும்போது பாடிக்கொண்டே இருப்பார். மெட்டு ஏறி வந்த பாட்டு, மழையில் செத்த குழந்தையின் பாட்டு, ஊருக்குத் திரும்பாத தம்பியின் பாட்டு என்று எத்தனையோ. சில பாட்டுகள் அவர் தாயார் பாடியவை. சில அவரே கட்டியவை. எழுதத் தெரியாதவர். பன்னிரண்டு பக்கம் எழுத எனக்குக் கை இருந்தது; அம்மாச்சியின் பாட்டில் பன்னிரண்டு வரியை எழுதி வைக்கும் எண்ணம் ஒரு நாளும் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பாட்டுகளின் அட்டையில் பெயர் இல்லை. நான் கல்லூரி முடிக்கும் ஆண்டில் அவர் மறைந்தார். என் நினைவில் இப்போது இருப்பவை நாலைந்து பாட்டின் துண்டுகளே. அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்டுக் கேட்டு விடுமுறைகளில் எழுதி வருகிறேன்.

நம் சங்கத்து நண்பர்களுள் மலையிலிருந்தும் எல்லையிலிருந்தும் வந்தவர் பலர். ஒவ்வொருவர் வீட்டிலும் ஓர் அம்மாச்சியோ அப்பத்தாவோ இருப்பார். பெரியோரின் நூல்களைப் படியுங்கள். ஆனால் முதல் முறை அட்டையை மூடிப் படியுங்கள். பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். எழுத்தச்சன் கிளிக்குப் பாலும் பழமும் கொடுத்துக் கதை கேட்டார். நாம் பாட்டிக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தாவது கேட்கலாம்.